கிராஸ்ஓவர் எபிசோட்: எதைப் பார்ப்பது, எதைத் தாண்டுவது?

'தி ஃப்ளாஷ்' என்ற அமெரிக்கச் சூப்பர்ஹீரோ தொடரின் 3-ஆம் சீசனை வரிசையாகப் பார்த்து வருகிறவர் 8-ஆம் எபிசோடின் முடிவில் திகைத்துப்போவார். வேற்றுக்கிரகவாசிகள் பூமியில் இறங்கியிருக்கிறார்கள். ஆலிவர், சாரா, தியா, டிக்கிள், ரே ஆகிய ஐந்து நாயகர்களும் ஒளிக்கற்றையில் இழுபட்டு மறைகிறார்கள். எபிசோட் முடிகிறது. சில நொடிகளில் 9-ஆம் எபிசோட் தானாக ஓடத் தொடங்குகிறது. அதில் வேற்றுக்கிரகவாசியும் இல்லை, கடத்தலும் இல்லை. எல்லோரும் கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் எபிசோட் எதுவும் விட்டுப்போகவில்லை. மீதிக் கதை வேறு இரண்டு தொடர்களில் இருக்கிறது. 'ஆரோ' 5-ஆம் சீசனின் 8-ஆம் எபிசோடிலும், 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' 2-ஆம் சீசனின் 7-ஆம் எபிசோடிலும் அது தொடர்ந்து முடிகிறது. இப்படி ஒரு தொடரின் கதையும் பாத்திரங்களும் இன்னொரு தொடருக்குள் போவதுதான் கிராஸ்ஓவர். ஒளிபரப்பான காலத்தில் இதில் சிக்கல் இருக்கவில்லை. ஒரே சேனல், அடுத்தடுத்த இரவுகள். ஸ்ட்ரீமிங்கில் தொடருக்குத் தொடர் தனித்தனி அலமாரி என்றானபின் ஒரே கதை மூன்று துண்டாகி மூன்று இடத்தில் கிடக்கிறது. அதைத் தேடிப்போய்ப் பார்ப்பது நேரத்துக்குத் தகுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. திரையில் எத்தனை நாயகர்கள் வந்து நிற்கிறார்கள் என்பது பதிலைத் தீர்மானிப்பதில்லை. அந்த எபிசோடில் நடந்தது எந்தத் தொடரின் கணக்கில் ஏறுகிறது, அந்தத் தொடரை நீங்கள் பார்க்கிறீர்களா என்பதுதான் தீர்மானிக்கிறது. விளக்கத்துக்காகச் சில முக்கியத் திருப்பங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் 'பார்க்கும் முறை' என்ற பகுதியில் உள்ள வரிசைக்கு நேராகப் போய்விடலாம்.

எது கிராஸ்ஓவர், எது இல்லை

ஒரு தொடரின் பாத்திரம் இன்னொன்றில் தலைகாட்டினாலே கிராஸ்ஓவர் என்று சொல்லிவிடுகிறார்கள். இவை நான்கு வகை. எது எந்த வகை என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

1. கேமியோ. ஓரிரு நிமிடம் வந்துபோவது. கதைக்கு ஒன்றும் ஆகாது. தெரிந்தவர் கைதட்டுவார், தெரியாதவர் கவனிக்கமாட்டார்.

2. விருந்தாளி எபிசோட். ஒரு தொடரின் நாயகர் இன்னொரு தொடரின் எபிசோடுக்குள் வந்து, கதை அதற்குள்ளேயே தொடங்கி முடிவது. வேறெங்கும் போகவேண்டியதில்லை.

3. தொடர் கிராஸ்ஓவர். கதை ஒரு தொடரில் தொடங்கி இன்னொன்றில் முடிவது. குழப்பம் முழுக்க இந்த வகையில்தான்.

4. பேக்டோர் பைலட். புதிதாக வரவிருக்கும் ஒரு தொடரின் பாத்திரங்களை, ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்குள் கொண்டுவந்து அறிமுகப்படுத்துவது. கதை என்ற பெயரில் வருகிற முன்னோட்ட விளம்பரம் என்றும் சொல்லலாம்.

ஒரே நிகழ்வு இரண்டு வகையாகவும் இருக்கலாம். 2015-இல் ஃப்ளாஷும் ஆரோவும் சேர்ந்தது மூன்றாம் வகையைப்போலத் தோன்றினாலும், உள்ளே இருந்தது நான்காம் வகை.

சேனல்கள் ஏன் இதைச் செய்கின்றன

இது புதிய வித்தை இல்லை. 1967 மார்ச்சில் ஆடம் வெஸ்ட் நடித்த 'பேட்மேன்' தொடரில், 'தி கிரீன் ஹார்னெட்' என்ற இன்னொரு தொடரின் நாயகன் கிரீன் ஹார்னெட்டும் அவன் துணைவன் கேட்டோவும் இரண்டு எபிசோட்களுக்கு வந்தார்கள். கேட்டோவாக நடித்தவர் புரூஸ் லீ. ராபினும் கேட்டோவும் மோதும் சண்டை வெற்றி தோல்வியில்லாமல் முடிகிறது. இரண்டு பக்க ரசிகர்களையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்க அன்று கண்ட இந்தச் சமரசம் இன்றுவரை மாறவில்லை. நாயகனும் நாயகனும் மோதுவார்கள், யாரும் ஜெயிக்கமாட்டார்கள். விருந்தாளியாகப் போனதால் கிரீன் ஹார்னெட் பிழைக்கவும் இல்லை. அந்தத் தொடர் ஒரே சீசனோடு அதே மாதம் முடிந்தது.

1976-இல் 'தி பயோனிக் வுமன்', 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' என்ற இரண்டு தொடர்களும் ஒரு மூன்று பாகக் கதையைப் பங்குபோட்டுக்கொண்டன. முதல் பாகமும் மூன்றாம் பாகமும் முதல் தொடரில், நடுப்பாகம் மட்டும் இரண்டாவதில். அதாவது ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு நிச்சயம் எதுவோ குறையும். அந்தக் குறைதான் நோக்கமே. 'அ' தொடரின் பார்வையாளரை 'ஆ' தொடருக்கு இழுத்துவர, கதையைப் பாதியில் வெட்டுவதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

2012 அக்டோபரில் 'ஆரோ' தொடங்கியபிறகு சிடபிள்யூ சேனல் இதை ஆண்டு வழக்கமாகவே ஆக்கியது. 2014 அக்டோபரில் 'தி ஃப்ளாஷ்', 2016 ஜனவரியில் 'லெஜண்ட்ஸ்', சிபிஎஸ்ஸில் ஒரு சீசன் ஓடிவிட்டு 2016-இல் இங்கே குடிவந்த 'சூப்பர்கேர்ள்', 2019-இல் 'பேட்வுமன்' என்று குடும்பம் பெருகியது. ரசிகர்கள் இதற்கு 'ஆரோவெர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தொடர்களின் கிராஸ்ஓவர்கள் பெரும்பாலும் 8-ஆம், 9-ஆம் எபிசோட்களில் வருவதற்குக் காரணம் உண்டு. சீசன் அக்டோபரில் தொடங்கினால் அந்த எபிசோட்கள் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ விழும். குளிர்கால இடைவெளிக்கு முன் பெரிய வெடி ஒன்று வெடித்துவிட்டால் பார்வையாளர் ஜனவரியில் மறக்காமல் திரும்பி வருவார்.

படப்பிடிப்புச் சிக்கல் திரையில் எப்படித் தெரிகிறது

ஓர் எபிசோட் விளம்பரம் நீங்கலாகச் சுமார் 42 நிமிடம். பெரும்பாலும் சீசனுக்கு 22, 23 எபிசோட்கள். ஒவ்வொரு தொடருக்கும் தனிக் குழு, தனி செட், தனி நாள்கணக்கு. கிராஸ்ஓவர் வந்தால் இந்தக் குழுக்கள் எல்லாம் ஒரே வாரங்களில் ஒரே நடிகர்களைக் கேட்கின்றன. நான்கு கேமராக் குழுக்கள் நின்றாலும் சூப்பர்கேர்ள் ஒருவர்தான்.

இந்த நெருக்கடியிலிருந்து சில குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அடையாளம் தெரிந்தால் எளிதில் கண்டுபிடிக்கலாம்.

1. வரிசையாக நின்று பேசும் காட்சி. பத்துப் பேர் ஒரு கிடங்கில் அரைவட்டமாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு வசனம், ஒரு கேலி. எல்லோருக்கும் பங்கு கொடுத்தாகவேண்டும் என்பதால் நான்கு நிமிடம் ஓடும். கதை ஓரடிகூட நகராது.

2. முகமில்லாத படை. நாயகர்கள் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும் அடிக்க ஆள் வேண்டும். ஆகவே ரோபோ, கம்ப்யூட்டரில் வரைந்த வேற்றுக்கிரகவாசி, முகமூடி போட்ட சிப்பாய் என்று கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களால் ஆபத்து வரும் என்று யாரும் நம்புவதில்லை.

3. திடீரென்று காணாமல்போகும் சொந்தப் பாத்திரங்கள். எட்டு வாரமாக நடந்துகொண்டிருந்த கதை கிராஸ்ஓவர் வாரத்தில் அப்படியே நிற்கும். நடிகர் பக்கத்துத் தொடரின் செட்டில் இருப்பார்.

இடமும் ஒரு தடை. ஆரோவெர்ஸ் தொடர்கள் பெரும்பாலும் கனடாவின் வான்கூவரில் படமானவை. 'சூப்பர்கேர்ள்' முதல் சீசன் லாஸ் ஏஞ்சலீஸில் எடுக்கப்பட்டது. இரண்டாவதிலிருந்து வான்கூவருக்கு மாறியது. ஆண்டு கிராஸ்ஓவரில் அது சேர்ந்ததும் அந்த ஆண்டிலிருந்துதான். அட்லாண்டாவில் எடுக்கப்பட்ட 'பிளாக் லைட்னிங்' 2018 ஜனவரியில் தொடங்கியும் 2019 டிசம்பர் வரை இந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

பலத்தைப் பூட்டிவைக்கும் கதைகள்

எழுத்தாளர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. 'ஆரோ' நாயகனான வில்லாளி ஆலிவரும், மலையைத் தூக்கும் சூப்பர்கேர்ளான காராவும் ஒரே சண்டையில் நின்றால் ஆலிவருக்கு அங்கே என்ன வேலை? எதிரி ஆலிவரின் அம்புக்கு விழுகிறவன் என்றால் காரா ஒரு நொடியில் முடித்துவிடுவாள். காராவுக்கே ஈடுகொடுப்பவன் என்றால் அம்பு எதற்கு?

2016 கிராஸ்ஓவர் இதைச் சமாளித்த விதம் சப்பென்று இருந்தது. கடைசிப் பாகத்தில் காராவை ஒதுங்கியிருக்கச் சொல்கிறார் ஆலிவர். வேற்றுலகங்களும் வேற்றுக்கிரகங்களும் தன் வாழ்க்கைக்குள் நுழைந்ததில் அவருக்குக் குழப்பம் என்பது காரணம். பாத்திரத்துக்குப் பொருந்தும் காரணம்தான். ஆனால் உலகமே அழியப்போகிற நேரத்தில் கையிலிருக்கும் ஒரே பீரங்கியை மூடிவைப்பதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

2017-இல் அதே சிக்கலை நேராக எதிர்கொண்டார்கள். எதிரணியில் நாஜிகள் வென்ற இன்னொரு உலகத்தின் காரா இருக்கிறாள். அவளுடைய இதயம் பழுதாகிவருகிறது. அவளுக்குப் பொருத்த நம் காராவின் இதயம் வேண்டும். ஆகவே காராவைச் சிவப்புச் சூரிய ஒளியில் பலமிழக்கச் செய்து அறுவை மேசையில் படுக்கவைக்கிறார்கள். பலசாலியை ஆட்டத்திலிருந்து விலக்கவும் ஆயிற்று, அந்த விலக்கலே கதையின் நெருக்கடியாகவும் ஆயிற்று. மீதி எல்லோருக்கும் உருப்படியான வேலை கிடைத்தது. கிராஸ்ஓவர் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இந்த ஓர் இடத்தைக் கவனித்தாலே போதும்: மிகப் பலசாலியை எப்படி ஓரம்கட்டுகிறார்கள்?

ஒவ்வொன்றாக: எது தேறும்

2014, ஃப்ளாஷ் – ஆரோ (இரண்டு எபிசோட்). இருப்பதிலேயே சிறியது, சொல்லப்போனால் மிகக் கச்சிதமானதும் இதுதான். ஃப்ளாஷ் 1-ஆம் சீசன் 8, ஆரோ 3-ஆம் சீசன் 8. இரண்டும் தனித்தனிக் கதைகள். ஒன்றை மட்டும் பார்த்தாலும் குறையில்லை.

இதில் ஒரு காட்சியைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். வேகம் இருக்கிறது, எனக்குப் பயிற்சி எதற்கு என்கிறான் ஃப்ளாஷ் நாயகன் பேரி. திறந்தவெளியில் அவனை நிறுத்தி, ஓடிவரச் சொல்கிறார் ஆலிவர். பேரி பாய்ந்து வந்து, எய்த அம்பைக் கையிலேயே பிடித்துவிட்டுச் சிரிக்கிறான். அந்த நொடியில் அவன் முதுகில் இரண்டு அம்புகள் பாய்கின்றன. ஆலிவர் முன்பே வந்து அங்கே தானியங்கி வில்களை ஒளித்துவைத்திருக்கிறார். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுற்றிப் பார் என்பதுதான் பாடம். வேகமுள்ளவனுக்கு யோசனை இல்லை, யோசனை உள்ளவனுக்கு நம்பிக்கை இல்லை என்ற வித்தியாசம் ஒரே காட்சியில் வந்துவிடுகிறது. உலகம் அழியவில்லை, வானம் பிளக்கவில்லை. இரண்டு பேர் சந்தித்ததால் இரண்டு பேரும் கொஞ்சம் மாறினார்கள், அவ்வளவுதான். கிராஸ்ஓவர் இதைத்தான் செய்யவேண்டும். பின்னால் வந்த பிரம்மாண்டங்களில் பல இதைச் செய்யவில்லை.

2015, ஃப்ளாஷ் – ஆரோ (இரண்டு எபிசோட்). ஃப்ளாஷ் 2-ஆம் சீசன் 8, ஆரோ 4-ஆம் சீசன் 8. வேண்டல் சாவேஜ் என்ற சாகா வரம் பெற்ற வில்லன், மறுபிறவி எடுத்துக்கொண்டே இருக்கும் பருந்துச் சிறகு ஜோடி. இவர்கள் மூவரும் அடுத்த மாதம், 2016 ஜனவரி 21 அன்று தொடங்கவிருந்த 'லெஜண்ட்ஸ்' தொடருக்கான ஆட்கள். அறிமுகமே நோக்கம் என்பதால் ஃப்ளாஷின் கதையும் ஆரோவின் கதையும் ஒதுங்கி வழிவிடுகின்றன. நடுவில் எல்லோரும் ஒரேயடியாகச் செத்துப்போக, பேரி காலத்தில் பின்னோக்கி ஓடி அத்தனையையும் சரிசெய்கிறான். ஒரு ரீசெட் பொத்தானால் அழிந்துவிடும் ஆபத்து ஆபத்தே இல்லை. அந்தப் பருந்து ஜோடியும் லெஜண்ட்ஸில் முதல் சீசனுக்குமேல் தங்கவில்லை. ஆரோ ரசிகர்களுக்கு மட்டும் ஒன்று உண்டு: தனக்கு ஒரு மகன் இருப்பதை ஆலிவர் தெரிந்துகொள்வது இங்கேதான். அவர்கள் தாண்ட முடியாது. மற்றவர்கள் தாராளமாகத் தாண்டலாம்.

2016 மார்ச், சூப்பர்கேர்ள் 1-ஆம் சீசன் 18. விருந்தாளி எபிசோட். பேரி தவறுதலாக வேறோர் உலகத்துக்குள் ஓடி வந்துவிடுகிறான். அந்தச் சமயம் சூப்பர்கேர்ள் வேறு சேனலில் இருந்ததால் இரண்டாம் பாகம் என்ற பேச்சே இல்லை. தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. ஊரின் நம்பிக்கையை இழந்துநிற்கும் காராவை மின்சார வில்லியிடமிருந்து கடைசியில் காப்பாற்றுவது பேரியுமல்ல, எந்தச் சூப்பர்ஹீரோவுமல்ல. தீயணைப்பு வீரர்கள் அடிக்கும் தண்ணீர். விருந்தாளி வந்திருக்கும் வாரத்திலும் வெற்றியை அந்தத் தொடரின் ஊர்மக்களுக்கே விட்டுவைத்தது நல்ல முடிவு.

2016 இறுதி, வேற்றுக்கிரகவாசிப் படையெடுப்பு. நான்கு இரவு நிகழ்வு என்று விளம்பரப்படுத்தினார்கள், உண்மையில் மூன்றுதான். சூப்பர்கேர்ள் 2-ஆம் சீசன் 8-ஆம் எபிசோடில் கிராஸ்ஓவருக்குச் சம்பந்தப்பட்டது கடைசிக் காட்சி மட்டும்: காராவின் வீட்டில் ஒரு வாயில் திறந்து பேரியும் அவன் குழுவின் சிஸ்கோவும் வருகிறார்கள். அந்தக் காட்சி ஃப்ளாஷ் எபிசோடிலும் இருக்கிறது. ஆகவே சூப்பர்கேர்ளைப் பின்தொடராதவர் இதற்காக 42 நிமிடம் செலவிட வேண்டியதில்லை.

மீதி மூன்றுமே முன்கதை கேட்கும். பேரி காலத்தை மாற்றியதால் ஆலிவரின் தோழர் டிக்கிளுடைய பெண்குழந்தை ஆண்குழந்தையாக மாறிப்போயிருக்கிறது. அதை டிக்கிள் தெரிந்துகொள்ளும் காட்சி, ஃப்ளாஷ் 3-ஆம் சீசனின் தொடக்கத்தையும் ஆரோவையும் சேர்த்துப் பார்த்தவருக்கு நெஞ்சில் அடிக்கும். பார்க்காதவருக்கு அது வெறும் வாக்குவாதம். ஆரோ பகுதி அந்தத் தொடரின் 100-ஆவது எபிசோட். தன் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட அந்தக் கப்பலில் ஆலிவர் ஏறவே இல்லை, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், மறுநாள் லாரலோடு திருமணம் என்ற ஒரு கனவு வாழ்க்கைக்குள் எல்லோரும் சிக்கியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு ஆரோ பார்த்தவருக்கு இது பரிசு. வேற்றுக்கிரகவாசிகளுக்காக வந்தவர், 'இவர்கள் எல்லாம் யார்?' என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

2017, எர்த்-எக்ஸ் (நான்கு எபிசோட்). ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன் என்பவருக்கு இது. சூப்பர்கேர்ள் 3-ஆம் சீசன் 8, ஆரோ 6-ஆம் சீசன் 8, ஃப்ளாஷ் 4-ஆம் சீசன் 8, லெஜண்ட்ஸ் 3-ஆம் சீசன் 8. நவம்பர் 27, 28 என இரண்டே இரவில் ஒளிபரப்பானது. தனித்தனி எபிசோட் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, சுமார் 168 நிமிடம் ஓடும் ஒரே படமாக எழுதியதுதான் இதன் பலம். பேரி – ஐரிஸ் திருமணத்துக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள். தேவாலயத்துக்குள் நாஜிகள் புகுகிறார்கள். எல்லோரும் ஏன் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்பதற்குத் திருமணத்தைவிட இயல்பான காரணம் வேண்டுமா?

விலையும் உண்மையானது. சுடப்பட்டுக் கிடக்கும் லெஜண்ட்ஸ் குழுவின் மார்ட்டின் ஸ்டைனின் உயிர், அவருடைய கூட்டாளி ஜாக்ஸின் உயிரோடு பிணைந்திருக்கிறது. ஒருவர் போனால் இருவரும் போவார்கள். ஸ்டைன் தானாக மருந்தைக் குடித்து அந்தப் பிணைப்பை அறுத்துக்கொண்டு சாகிறார். அடுத்த வாரம் அவர் எழுந்து வரவில்லை. லெஜண்ட்ஸ் அந்தத் துக்கத்தைச் சுமந்தே தொடர்ந்தது. ஆனாலும் முகமில்லாத சிப்பாய்க் கூட்டம் இதிலும் உண்டு. கான்சென்ட்ரேஷன் கேம்ப் காட்சியைப் பரபரப்புக்காகப் பயன்படுத்திய இடம் உறுத்தவும் செய்யும்.

2018, எல்ஸ்வேர்ல்ட்ஸ் (மூன்று எபிசோட்). ஃப்ளாஷ் 5-ஆம் சீசன் 9, ஆரோ 7-ஆம் சீசன் 9, சூப்பர்கேர்ள் 4-ஆம் சீசன் 9. இந்த வரிசையில்தான் பார்க்கவேண்டும். அந்த வாரம் மட்டும் ஃப்ளாஷும் சூப்பர்கேர்ளும் ஒளிபரப்பு நாளை மாற்றிக்கொண்டன. வழக்கமான கிழமையை வைத்துக் கணக்கிட்டால் கதை தலைகீழாகும். லெஜண்ட்ஸ் குழு இதில் இல்லை. பேரியும் ஆலிவரும் ஒருவர் வாழ்க்கையில் இன்னொருவர் கண்விழிப்பது முதல் பாகம். அது நல்ல நகைச்சுவை. ஆத்திரம் வந்தால்தான் அம்பு சரியாகப் போகும், மனம் லேசானால்தான் கால் ஓடும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் இடத்தில் 2014-இன் ருசி திரும்ப வருகிறது. மூன்றாம் பாகத்தில் அது தேய்ந்து, அடுத்த ஆண்டுக்கான முன்னறிவிப்பாக மாறிவிடுகிறது.

2019–20, க்ரைசிஸ் (ஐந்து எபிசோட்). இதுதான் சிக்கலானது. மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்து 1985–86-இல் 12 இதழ்களாக வந்த காமிக்ஸை அடிப்படையாகக் கொண்டது. சூப்பர்கேர்ள், பேட்வுமன், ஃப்ளாஷ் பாகங்கள் 2019 டிசம்பர் 8, 9, 10 தேதிகளில். ஆரோ, லெஜண்ட்ஸ் பாகங்கள் 2020 ஜனவரி 14 அன்று. நடுவில் ஐந்து வாரம் எல்லா உலகங்களும் அழிந்தபடியே பார்வையாளர் காத்திருந்தார்கள்.

தனிப் படமாகப் பார்த்தால் இது சுமார்தான். பழைய நடிகர்களின் அணிவகுப்பு கதையை அடிக்கடி நிறுத்துகிறது. 'ஸ்மால்வில்' தொடரின் டாம் வெல்லிங், பழைய 'பேட்மேன்' தொடரில் ராபினாக நடித்த பர்ட் வார்டு, பிராண்டன் ரூத் (சூப்பர்மேனாகவே), அனிமேஷனில் பேட்மேனின் குரலாகப் பல ஆண்டு ஒலித்த கெவின் கான்ராய் நேரில் புரூஸ் வெயினாக என்று வரிசையாக வருகிறார்கள். அவர்களோடு வளர்ந்தவருக்குப் புல்லரிக்கும். மற்றவர்களுக்கு யாரோ ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோகிறார்.

ஆனால் கணக்கு என்று வந்தால் இதைத் தாண்டவே முடியாது. ஆலிவர் குவீனின் சாவு இங்கேதான். தனித்தனியாக இருந்த உலகங்கள் ஒன்றாக்கப்பட்டு, சூப்பர்கேர்ளும் பிளாக் லைட்னிங்கும் ஃப்ளாஷும் ஒரே பூமிக்கு வருவதும் இங்கேதான். இதைப் பார்க்காமல் சூப்பர்கேர்ள் 5-ஆம் சீசனின் 10-ஆம் எபிசோடுக்குப் போனால், நேற்றுவரை வில்லனாக இருந்த லெக்ஸ் லூதரை ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கும். யாரும் காரணம் சொல்லமாட்டார்கள்.

ஒரே நிறுவனத்தின் குடைக்குள் நடப்பவை

மார்வெல் தொடர்களில் இரண்டு வேறு முறைகள் இருக்கின்றன. முதலாவது, தனியாக ஒரு சந்திப்புத் தொடரையே எடுப்பது. 2017 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி டிஃபெண்டர்ஸ்' அப்படிப்பட்டது, எட்டு எபிசோட்கள். துண்டாகக் கிடக்கும் பிரச்சினை இதில் இல்லை. பதிலுக்கு வேறொரு சுமை: முழு முன்கதை வேண்டுமென்றால் 'டேர்டெவில்' இரண்டு சீசன், 'ஜெசிகா ஜோன்ஸ்', 'லூக் கேஜ்', 'அயர்ன் ஃபிஸ்ட்' தலா ஒரு சீசன். சீசனுக்கு 13 என்று மொத்தம் 65 எபிசோட்கள். அவ்வளவும் பார்த்துவிட்டு வந்தவரையும் நால்வரும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க 3-ஆம் எபிசோடின் முடிவுவரை காக்கவைக்கிறார்கள். டேர்டெவில் 3-ஆம் சீசன் இதன் கடைசிக் காட்சியிலிருந்தே தொடங்குவதால், டேர்டெவில் ரசிகர்கள் இதைத் தவிர்க்க முடியாது. அவர்களுக்குக் குறைந்தபட்சத் தேவை டேர்டெவில் 2-ஆம் சீசன்தான்.

இரண்டாவது முறை, திரைப்படத்தோடு தொடரைக் கட்டுவது. 'ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' முதல் சீசனின் 17-ஆம் எபிசோட் 2014 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பானது. நான்கு நாள் முன்னால் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த இரண்டாவது கேப்டன் அமெரிக்கா படத்தின் பெரிய ரகசியம்தான் அந்த எபிசோடின் அடித்தளம். படத்தை முதலில் பார்த்தவருக்கு எபிசோட் அதிர்ச்சி தரும். எபிசோடை முதலில் பார்த்தவருக்குப் படத்தின் அதிர்ச்சி போய்விடும். 16-ஆம் எபிசோடுக்கும் 17-ஆம் எபிசோடுக்கும் நடுவில் படத்தை வைப்பதுதான் இரண்டையும் காப்பாற்றும் வழி.

பார்க்கும் முறை

1. கிராஸ்ஓவர் எபிசோடை நெருங்கியதும் தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அதிகம் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

2. வரிசை இதுதான் (1x8 என்றால் 1-ஆம் சீசன், 8-ஆம் எபிசோட்):
2014: ஃப்ளாஷ் 1x8, ஆரோ 3x8.
2015: ஃப்ளாஷ் 2x8, ஆரோ 4x8.
2016: ஃப்ளாஷ் 3x8, ஆரோ 5x8, லெஜண்ட்ஸ் 2x7.
2017: சூப்பர்கேர்ள் 3x8, ஆரோ 6x8, ஃப்ளாஷ் 4x8, லெஜண்ட்ஸ் 3x8.
2018: ஃப்ளாஷ் 5x9, ஆரோ 7x9, சூப்பர்கேர்ள் 4x9.
2019–20: சூப்பர்கேர்ள் 5x9, பேட்வுமன் 1x9, ஃப்ளாஷ் 6x9, ஆரோ 8x8, லெஜண்ட்ஸ் சிறப்பு எபிசோட்.

3. அந்தக் கடைசிச் சிறப்பு எபிசோட் லெஜண்ட்ஸ் 5-ஆம் சீசனின் வழக்கமான எண்ணிக்கையில் சேராதது. 5x1-ஐத் திறந்தால் அது வராது; சிறப்பு எபிசோட்கள் அல்லது கூடுதல் பகுதியில் தேடுங்கள்.

4. தொடக்கத்தில் வரும் 'முன்பு நடந்தவை' துணுக்கை வழக்கமாகத் தாண்டுகிறவர்கள் இந்த எபிசோட்களில் மட்டும் தாண்டவேண்டாம். மற்றத் தொடர்களின் முன்கதையை ஒரு நிமிடத்தில் தருவது அதுதான்.

5. ஒரே தொடரை மட்டும் பார்ப்பவரா? 2014-க்கு உங்கள் தொடரின் எபிசோட் போதும். 2015-ஐ ஃப்ளாஷ் ரசிகர் கதைச்சுருக்கத்தோடு முடித்துக்கொள்ளலாம். 2016-இல் சூப்பர்கேர்ள் மட்டும் பார்ப்பவர் தன் எபிசோடோடு நின்றாலே போதும், ஆரோ ரசிகரும் 5x8-ஐத் தனியாக ரசிக்கலாம். 2017-ஐயும் 2019-ஐயும் துண்டாகப் பார்த்துப் பயனில்லை; முழுதாகப் பாருங்கள், இல்லையேல் முழுதாகவே விடுங்கள்.

6. இரண்டு தொடர்களைச் சேர்த்துப் பார்ப்பவர் இரண்டையும் ஒரே சீசன் அளவில் வைத்துக்கொண்டு நகரவேண்டும். ஆரோவில் மூன்று சீசன் பின்தங்கியவருக்கு எந்த கிராஸ்ஓவரும் ஸ்பாய்லர் மூட்டைதான்.

க்ரைசிஸுக்குப் பிறகு

ஐந்து தொடர்களை ஒரே கயிற்றில் கட்டும் முயற்சி அதோடு நின்றது. 'ஆரோ' 2020 ஜனவரி 28 அன்று முடிந்தது. 'சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்' என்ற புதிய தொடரும் பேட்வுமனும் சேரவிருந்த நிகழ்வு கொரோனா காரணமாகக் கைவிடப்பட்டது. 2021 இறுதியில் வந்த 'ஆர்மகெடான்' ஐந்து எபிசோட்களும் ஃப்ளாஷ் 8-ஆம் சீசனுக்குள்ளேயே, 1 முதல் 5 வரை இருக்கின்றன. மற்றவர்கள் விருந்தாளியாக வந்துபோகிறார்கள். தேடி அலையவேண்டியதில்லை, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போகலாம்.

2021 பிப்ரவரியில் தொடங்கிய 'சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்' இன்னும் சுலபம். கிராஸ்ஓவர்களில் வந்த அதே நடிகர்கள் இருப்பதால் பழையதெல்லாம் பார்த்திருக்கவேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை. அந்தக் கதை நடப்பது வேறொரு பூமியில் என்று 2-ஆம் சீசனின் முடிவில் தொடரே சொல்லிவிடுகிறது. முதல் சீசனில் டிக்கிள் வந்து நின்றால் மட்டும் குழம்பாதீர்கள். அவர் வேறொரு டிக்கிள்.